சத்தமில்லாத டேப்பெட்

கிக்கரை மிதித்தால் காலுக்கு எதிர்ப்பே இல்லை. காற்றுப்போன பந்தை உதைத்த மாதிரி சொத்தென்று கீழே இறங்கியது. ஏழாவது தடவையும் மிதித்துப் பார்த்துவிட்டு, வண்டியையே ஓர் உதை விட்டால் என்ன என்று யோசித்தான் பட்டாசு.

பட்டாசு என்பது தெரு வைத்த பெயர். நல்ல மெக்கானிக்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது ஆளா, மரமா என்று பார்க்க மாட்டான், படபடவென்று வெடித்துத் தீர்த்துவிடுவான். அன்றைக்கு எதிரே நின்றது அவனுடைய அக்காவின் வண்டி. அதனால் வெடிக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அக்கா வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிற நர்ஸ். திங்கட்கிழமை காலையில் அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று கிளம்பியவள், பாதி வழியில், ஏற்றத்தில், வண்டி இழுக்காமல் நின்றுபோய் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் கையிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்பது புண்ணியம். "குழந்தை எனக்காகக் காத்திட்டு இருக்குமாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

இன்று புதன். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் நடையிலும் அலைகிறாள். காலையிலிருந்து மூன்று போன்.

"என்னடா ஆச்சு?"

"பாத்துட்டிருக்கேன்க்கா."

"இதத்தான் நேத்தும் சொன்ன."

"வண்டி வாயத் தொறந்து சொன்னா உடனே உனக்குச் சொல்லிடறேன், போதுமா?" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவும் சேர்த்து எரிச்சல்பட்டான்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் இந்த எஞ்சினை அவனே பிரித்துப் போட்டுப் புதிதாக்கினான். புது பிஸ்டன், புது ரிங், புது வால்வ். வால்வ் உட்காருகிற சீட்டை மட்டும் பக்கத்துத் தெரு லேத்துக்காரனிடம் கொடுத்து வெட்டி வாங்கினான். மற்றதெல்லாம் அவன் கைவேலை. வண்டி பூனை மாதிரி ஓடியது. வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பெட்டின் சத்தம் துளிகூடக் கிடையாது. "கேட்டுப் பாருங்க, தையல் மிஷின்கூட இதவிட சத்தம் போடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

அந்த எஞ்சினில்தான் இப்போது காற்றை இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஷன் இல்லை. ப்ளக்கைக் கழற்றி, அழுத்தம் அளக்கிற கேஜை மாட்டி மிதித்தான். நூற்றைம்பதைத் தொட வேண்டிய முள் அறுபதில் நின்று அவனையே பார்த்தது. கேஜில்தான் கோளாறோ என்று பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியில் மாட்டினான். அதில் நூற்று நாற்பது காட்டியது. கேஜ் மேல் பழி போடவும் வழியில்லை.

ப்ளக் துவாரம் வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி மிதித்தான். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து முள் ஏறும். ஏறவில்லை, அறுபத்தைந்து. ரிங் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் காற்று வேறு எங்கோ ஓடுகிறது. பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, ப்ளக் துவாரத்தில் காற்றுக் குழாயைச் செருகித் திறந்தான். கார்புரேட்டரில் காதை வைத்தான், சத்தமில்லை. ஆயில் மூடியைத் திறந்து கேட்டான், அங்கேயும் இல்லை. சைலென்சர் வாயருகே குனிந்தான். உஸ்ஸென்று பாம்பு சீறுகிற மாதிரி காற்று முகத்தில் அடித்தது.

புகை வெளியேறுகிற வால்வ்தான். அது மூட மாட்டேன் என்கிறது.

"சீட்டு!" என்று கத்தினான். "வெட்டிக் குடுத்தான் பாரு லட்சணமா!"

டேப்பெட்டைப் பார்க்கலாம் என்று அவன் மூளை ஓரமாக ஒரு குரல் கொடுக்கத்தான் செய்தது. அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேப்பெட் வைத்தது அவன். சத்தமே வராதபடி வைத்தது அவன். அதில் என்ன பார்க்க இருக்கிறது?

ஒரு மணி நேரத்தில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, துணியில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு லேத்துக்குப் போனான். மோட்டார் ஷாஃப்ட்டோடு ஒருவர், இரும்புக் கதவின் கீலோடு ஒருவர், சும்மா பேச வந்த இருவர் என்று நாலு பேர் அங்கே நின்றிருந்தார்கள். பட்டாசு அவர்களைப் பார்க்கவே இல்லை.

"சீட் வெட்டுனியா, இல்ல தூங்கிட்டே தேய்ச்சியா? எங்கக்கா நடுரோட்டுல நின்னாடா! ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

லேத்துக்காரன் இவனுடைய இருபது வருஷ சினேகிதன். மெஷினை நிறுத்தினான். ஹெட்டை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். கேம் ஷாஃப்டைக் கையால் திருப்பி, அதன் புடைப்பு எந்த வால்வையும் அமுக்காதபடி நிறுத்தினான். பிறகு வால்வுகள் இருக்கும் குழியில் பெட்ரோலை ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் புகைவழியில் ஈரம் கசிந்து, ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

"பாருங்க, எல்லாரும் பாருங்க!" என்றான் பட்டாசு.

லேத்துக்காரன் ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்தான். வால்வ் தண்டின் நுனியில் உட்கார்ந்திருந்த டேப்பெட் திருகைக் கால் சுற்று தளர்த்தினான். ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சொட்டு விழவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. புகைவழி காய்ந்தே கிடந்தது.

"சீட் நல்லாத்தான் இருக்கு" என்றான் லேத்துக்காரன். "உன் திருகுதான் வால்வ மூட விடாம அமுக்கிட்டு இருந்திருக்கு. புதுசா வெட்டின சீட்ல வால்வ் ஓட ஓடக் கொஞ்சம் உள்ள உக்காரும். உக்கார உக்கார டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளி கொறையும். ஐநூறு கிலோமீட்டர்ல டேப்பெட்ட மறுபடி பாக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நீதானே?"

கீல்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார்.

பட்டாசு ஹெட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தான். காது சுட்டது. ஐநூறு கிலோமீட்டர். அந்த ஐநூறு ஓடி முடிந்ததுமே அக்கா வந்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை வந்தாள். "டேப்பெட் பாக்கணும்னு சொன்னியேடா" என்று வாசலில் நின்றாள். "சத்தமே இல்ல, அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பினான். சத்தம் இல்லாததுதான் சங்கதி. இடைவெளி இருந்தால்தானே டேப்பெட் தட்டும். அது தட்டாமல் கிடந்ததைப் போய்ப் பெருமை என்று நினைத்திருக்கிறான்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் பூட்டி, ஃபில்லர் தகட்டை நுழைத்து இடைவெளி வைத்தான். முள் நூற்று நாற்பத்தைந்துக்கு ஏறியது. இரண்டாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. மெல்லிசாக டக் டக் என்றது.

அக்கா வந்ததும் சொன்னான். "தப்பு என்னோடதுக்கா. நீ கொண்டுவந்தப்பவே பாத்திருக்கணும்."

அவள் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள். "இத லேத்துக்காரன்கிட்ட சொன்னியா?"

"…இல்ல."

"ஏறு பின்னால."

லேத்தில் அப்போது கூட்டம் இல்லை. லேத்துக்காரன் தனியாக இரும்புத் தூளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். பட்டாசு வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தான்.

"மன்னிச்சிருடா. காலைல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

லேத்துக்காரன் நிமிரவில்லை. "நாலு பேரு முன்னாடி திட்டின. இப்ப யாரு இருக்கா இங்க? ஆளு இருக்கும்போது வந்து சொல்லு."

"நாளைக்கு ஒன்பதரைக்கு, நீ கடை தொறந்ததுமே வரட்டா?"

"பதினோரு மணிக்கு வா" என்றான் லேத்துக்காரன். "அப்பதான் கூட்டம் ஜாஸ்தி."