வராமல் போன போலியோ

1

பென்கோவிடம் நான் ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. அந்த உறுத்தலில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எனக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊரின் கழிவுநீர் நிலையத்தில் வேலை. வாரந்தோறும் சாக்கடைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, தலைநகர் சோஃபியாவுக்குச் சோதனைக்கு அனுப்புவார். போலியோக் கிருமியைச் சுமக்கும் பலருக்கு நோவே தெரியாது. மருத்துவரிடம் போகமாட்டார்கள், கழிப்பறைக்குப் போவார்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘அந்த மார்ச் மாதக் காலையில், குழாய்களின் வழியே மரணம்…’

(அடித்துவிட்டேன். வந்தது சோஃபியாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. புட்டியில் கிருமி இருந்ததாம்.)

2

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று அறிய, பென்கோ தெருத்தெருவாகச் சாக்கடை மூடிகளைத் திறந்து மாதிரி எடுத்தார். கடைசியில் வந்து நின்ற இடம் எங்கள் தெரு. அவர் வாளியை இறக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியிலிருந்து, கலோயானின் அம்மா ராலித்ஸா எட்டிப் பார்த்தாள்.

“பென்கோ அண்ணே, துணி காயப்போட்டிருக்கேன்! நாத்தம் குடலப் புடுங்குது.”

“இதோ மூடிடுறேன். கலோயானுக்கு போலியோ ஊசியெல்லாம் போட்டாச்சாம்மா?”

“நீங்க எப்போ டாக்டரானீங்க?”

அவர் சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கியது.

“முதல் ஊசிக்கே ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்தான். அவங்கப்பா ஜெர்மனியில லாரி ஓட்டுறாரு. நான் ஒருத்தியா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் போடலை.”

(இங்கே பென்கோவுக்குப் போலியோவில் கால் சூம்பிய ஓர் அக்காவைக் கொடுத்திருந்தேன். நீங்கள் கலங்கியிருப்பீர்கள். ஆனால் அவருக்கு அக்காவே கிடையாது. எடுத்துவிட்டேன்.)

பென்கோ புட்டியைத் திருகி மூடினார். “நாளைக்கு எனக்கு லீவு. நானும் கூட வர்றேன். காய்ச்சல் வந்தா என் கதவத் தட்டு. ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம்.”

அவள் ஈரத்துணியைப் பிழிந்தபடியே நின்றாள்.

“வர்றப்போ கையக் கழுவிட்டு வாங்க” என்றாள்.

3

கலோயானுக்கு ஊசி போட்டார்கள். காய்ச்சல் வந்தது, மறுநாளே இறங்கியது. அதற்குள் நகராட்சி வீடு வீடாக ஆள் அனுப்பிச் சொல்லி, விட்டுப்போன குழந்தைகளையெல்லாம் வரவழைத்து ஊசி போட்டது. என் மகளும் அதில் ஒருத்தி. வேலை வேலை என்று நானும் தள்ளிப்போட்டிருந்தேன். ஒரு குழந்தைக்கும் கால் போகவில்லை. இலையுதிர் காலத்தில் புட்டிகள் சுத்தமாக வந்தன.

கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய தொல்லை. முதல் முடிவில் கலோயான்… (வேண்டாம். அவனைத் தினமும் பார்க்கிறேன்.) இரண்டாவதில் ராலித்ஸா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்ஸா ஒரு தட்டோடு மேலே பென்கோ வீட்டுக்குப் போய்க் கண்கலங்குகிறாள். அவள் போகவில்லை.

நடந்தது இதுதான். மாடிப்படியில் எதிரே வந்தவளை நிறுத்தி, பென்கோதான் சொன்னார்:

“ரொம்ப நன்றிம்மா.”

“எனக்கா? எதுக்கு?”

“நான் பாட்டுக்குப் புட்டிய நெரப்பிக்கிட்டே இருந்திருப்பேன். நீங்கல்லாம் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வந்தீங்க பாரு, அதனாலதான் என் வேலைக்கு ஒரு அர்த்தம்.”

அவள் ஏதோ பதில் சொன்னாள். கலோயான் போட்ட கூச்சலில் என் காதில் விழவில்லை. இட்டுக்கட்ட மனம் வரவில்லை. உங்கள் வீட்டிலும் ஓடியாடும் பிள்ளை ஒன்று இருக்குமானால், மீதியை நீங்களே சொல்லிவிடுங்கள்:

“பென்கோ அண்ணே,