பக்கத்து சீட்டின் பிரேக்

கார் நின்றது. நிறுத்தியது யார் என்று முன் சீட்டில் இருந்த இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. குறுக்கே வந்த சைக்கிள்காரர், தனக்கு ஏதோ ஆகவிருந்தது என்பதே தெரியாமல் சந்துக்குள் நுழைந்து மறைந்தார். பின் சீட்டில் பேத்தியோடு இருந்த மாமனார் கார் கூரையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, “போலாம், ரைட்!” என்றார். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டு வந்த பிறகும், அவர் தட்டாமல் எந்த வண்டியும் கிளம்பக் கூடாது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கணவன் கிளட்ச்சை மெதுவாக விட்டான். பக்கத்து சீட்டில் இருந்தவள், தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கிலிருந்து பாதத்தை எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது டிரைவிங் ஸ்கூல் கார். அவள் அங்கே பயிற்சியாளர். பெடல்கள் இரண்டு பக்கமும் இருக்கும். கூரையில் மஞ்சள் பலகை, அதில் ஸ்கூலின் பெயர், தூரத்திலிருந்தே படிக்கும்படி போன் நம்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளி அனுமதித்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து குடும்பத்துக்கு அதுதான் கார். விசேஷ வீட்டு வாசலில் பலகையோடு போய் இறங்கினால், சொந்தக்காரர்கள், “இன்னுமா கத்துக்கிட்டிருக்கீங்க?” என்று கேட்பார்கள். கணவனும் சளைக்காமல், “மேடம் பாஸ் போட மாட்டேங்கறாங்க” என்பான். மருந்துக் கடையில் பார்மசிஸ்ட் அவன். ஒரு காலத்தில் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவன். அவளுடைய மாணவர்களிலேயே மிக மெதுவாகத் தேறியவன். மேடம் என்று அன்று கூப்பிட ஆரம்பித்ததை இன்றுவரை விடவில்லை.

இப்போது முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு நடத்தப்போகிறாராம். “இனிமே வண்டி கிடைக்காதும்மா. சொந்தமா ஒண்ணு வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டார். அதனால்தான் குடும்பமே கிளம்பி ஷோரூமுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் இந்தக் காரில்.

அவளுக்கு முந்தின நாளிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பாத்திரம் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். அந்த ஷோரூம் அவளுக்குப் புதிதில்லை. அதன் எதிர்ப்பக்கத்தில்தான் மாணவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தருவாள். ஏன் இங்கே என்று யாராவது கேட்டால், இடம் அகலம் என்பாள். மாணவன் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று விழித்துக்கொண்டிருக்கும்போது, அவள் ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஒரு சாம்பல் நிறக் காரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தாழ்வான, நீளமான கார். பின்னால் பெட்டி படுக்கையெல்லாம் வைக்க இடம். கையால் போடும் கியர். வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் என்று யாரோ சொன்னார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை இரண்டாவது கியரைத் தாண்டாத வாழ்க்கை அவளுடையது. வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்டியரிங் தன் கையில் இருந்தாலும், கூரையில் போன் நம்பர் இருக்கிறது. கொஞ்சம் வேகமாகப் போனால் யாராவது கூப்பிட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட தொழில், கடைசியில் அடுத்தவர் ஓட்டுவதை நிறுத்துகிற வேலையாக முடிந்துபோயிற்று.

கணவன் வேறு வண்டியை மனத்தில் வைத்திருந்தான். உயரமானது, ஏழு பேர் உட்காரலாம், கியரைத் தொடவே வேண்டாம். மருந்துடன் வரும் பொடி எழுத்துத் தாளைப் படிப்பதுபோல அதன் விளம்பரத் தாளை மூலைவரை படித்திருந்தான். “அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு. குனிஞ்சு ஏற முடியாது. வாக்கர் வைக்கணும். யார் வேணும்னாலும் ஓட்டலாம்” என்றான். எல்லாம் சரியான காரணங்கள். அதனாலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஷோரூமில் டை கட்டிய விற்பனையாளர் அவர்கள் வந்திறங்கிய காரையும் பலகையையும் ஒரு தரம் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு, “வாங்க சார், வாங்க மேடம்” என்றார்.

முதலில் உயரமான வண்டி. மாமனார் கைப்பிடியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார். யாரும் அவரைத் தாங்கவில்லை, தூக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் கண்டக்டர் களை வந்தது. “மினி பஸ் மாதிரி இருக்குடா. டிக்கெட் எல்லாம் எடுத்தாச்சா?” என்றார். வாக்கர் பின்னால் மடங்காமலே உள்ளே போயிற்று. பயணமென்றால் வாந்தியெடுக்கும் மகள், பிளாஸ்டிக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். விற்பனையாளர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கவரைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கணவன்தான் ஓட்டினான். வண்டி சத்தமில்லாமல் மிதந்தது. மேடு பள்ளங்களில் தொட்டில்போல ஆடியது. பக்கத்து சீட்டில் அவள் கைகளை மடியில் வைத்து, இன்று ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் சிக்னல்வரை சமாளித்தாள். அதற்கப்புறம் ஒரு வேன் திடீரென்று உள்ளே புகுந்தது. அவள் கால் தானாகப் போய்த் தரையை ஓங்கி மிதித்தது. தொம் என்று வண்டி முழுக்கக் கேட்டது. மிதியடி சுருண்டு முன்னால் போயிற்று.

“என்னம்மா, கரப்பான்பூச்சியா?” என்றார் மாமனார்.

கணவன் வேனுக்கு வழிவிட்டு, நிதானமாகத்தான் நிறுத்தியிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. “இந்த வண்டியில உனக்கு அங்க ஒண்ணும் கிடையாது, மேடம்” என்றான். சொன்ன விதத்தில் வேடிக்கை இல்லை.

அப்புறம் அவள் இரண்டு முறை மிதித்தாள். மூன்றாவது முறை மிதிப்பதற்குள் பின்னால் மகள், “அம்மா, வருது” என்றாள். வந்தும் விட்டது. நல்லவேளை, கவருக்குள்.

திரும்பி வந்ததும் மகளை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். விற்பனையாளர் அடுத்த வண்டிக்குச் சாவி எடுக்க உள்ளே போனார். மாமனார் வண்டியிலேயே இருந்தார். கணவன் தன் சட்டைக் கையை மடித்தான், மறுபடி இறக்கினான்.

“குட்டிக்கு ஒத்துக்கலையே. ஆட்டம் ஜாஸ்தி” என்றாள் அவள்.

“குட்டிக்கு எதுதான் ஒத்துக்குது? நம்ம காருலயும்தான் எடுக்கறா.”

“நான் வேணும்னு மிதிக்கலைங்க. கால் பழகிப்போச்சு.”

“எனக்குத் தெரியும்.” சட்டைக் கைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். “கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஓட்டின ஒவ்வொரு தடவையும் நீதான் நிறுத்தியிருக்க. நான் மிதிக்கறதுக்குள்ள நீ மிதிச்சிடுவ. கடையில எல்லாரும் கார் ஓட்டுறதைப் பத்திப் பேசுவாங்க. நானும் பேசுவேன். ஆனா எனக்கு நிறுத்தத் தெரியுமான்னு எனக்கே தெரியாது.”

அவன் அந்தப் பெரிய வண்டியைக் கேட்டது அப்பாவின் இடுப்புக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் வாங்க வந்தது அவளுடைய பிரேக் இல்லாத ஒரு கார். அவளும்தான் வேறு எதை வாங்க வந்தாள்?

சாம்பல் நிறக் கார் வாசலுக்கு வந்து நின்றது. மாமனாரை அதில் ஏற்றுவது பெரும்பாடாகிவிட்டது. முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு, கிணற்றில் விழுபவர்போல சீட்டில் விழுந்தார். “இது காரா, ஓணானா? தரையோட தரையா கெடக்குது” என்று முனகினார். வாக்கரை மடித்தால்தான் பின்னால் போயிற்று. மடித்தபின் தாராளமாக இடம் இருந்தது. அதை விற்பனையாளர் இரண்டு தடவை சுட்டிக்காட்டினார்.

அவள் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள். சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டது. கியரின் தலை, உள்ளங்கைக்கென்றே செய்ததுபோல அடங்கியது. எத்தனை மதியங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த வண்டி! தட்டு விழுந்தது, “போலாம், ரைட்!” கிளம்பினாள்.

அவள் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. ஊர்ந்துகொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு ஆட்டோவைப் பார்த்தால் கால் பிரேக்குக்குப் போயிற்று. நடைபாதையில் ஒருவர் திரும்பிப் பார்த்தாலும் போயிற்று. ஆக்சிலரேட்டரை மிதிக்கவேண்டிய கால் எப்போதும் பிரேக்கின் மேலேயே மிதந்துகொண்டிருந்தது. வண்டி மூன்றாவது கியரைக் கேட்டு உறுமியது. அவள் கொடுக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக் கடந்து போனான்.

விற்பனையாளர் கனிவான குரலில், “பயப்படாதீங்க மேடம். இப்பதான் புதுசா கத்துக்கறீங்களா?” என்று கேட்டார்.

மாமனார் வெடித்துச் சிரித்தார். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். “பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவ சார் இவ!” என்றார். விற்பனையாளர் மன்னிப்புக் கேட்டார். அவளும் சிரிக்க முயன்றாள். முகம் எரிந்தது. வண்டியில் குறையில்லை, சாலையில் குறையில்லை. ஓட்டத் தெரிந்த அந்தப் பெண்ணைத்தான் எங்கேயோ வழியில் இறக்கிவிட்டு வந்திருக்கிறாள். இந்த வண்டி வாங்கினால் மட்டும் அவள் திரும்பி வந்து ஏறிக்கொள்வாளா?

ஓரமாக ஏதோ அசைந்தது. பக்கத்து சீட்டில் கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் வைத்து, பந்தியில் உட்காருபவன்போல சம்மணம் போட்டுக்கொண்டான்.

“காலைக் கீழ போடுங்க. அப்படி உக்காரக் கூடாது” என்றாள், வகுப்பில் சொல்லும் அதே குரலில்.

“நீ முன்னாடி பாரு.”

“விழுந்துடுவீங்க.”

“விழுந்தா விழறேன். கீழ எனக்கு ஒரு வேலையும் இல்ல. நீ ஓட்டு.”

அவள் முன்னால் பார்த்தாள். சாலை ஊரின் விளிம்பைத் தாண்டி, இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர்களோடு நீண்டு, தொலைவில் ஒரு குளத்தைச் சுற்றி வளைந்தது. எதிரே யாரும் இல்லை. மூன்றாவது கியர் போட்டாள். வண்டி நன்றி சொல்வதுபோல முன்னால் பாய்ந்தது. நான்காவது. வளைவு வந்தது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்ததும் காலை அழுத்தினாள். இத்தனை வருடம் வாயால் மட்டுமே சொல்லிக்கொடுத்த அந்த ஒன்றைச் செய்தாள். நான்கு சக்கரமும் தரையைப் பிடித்துக்கொண்டன. குளத்தின் வெளிச்சம் சுழன்று கண்ணாடியைத் தாண்டிப் போயிற்று. அவள் சத்தம் போட்டுவிட்டாள். என்ன சத்தமென்று அவளுக்கே தெரியவில்லை.

“அம்மா, இன்னொரு தடவை!” என்றாள் மகள். அவள் கையில் இருந்த புதுக் கவர் மடித்தபடியே கிடந்தது.

“ஸ்டாப்பிங் எல்லாம் விட்டுட்டுப் போறாளே!” என்றார் மாமனார். விற்பனையாளர் கூரைக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

குளத்தைத் தாண்டி மர நிழலில் நிறுத்தினாள். என்ஜின் மெல்ல முணுமுணுத்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கால்கள் இன்னும் மேலேயே இருந்தன. உதட்டில் சிரிப்பு இருந்தது. ஆனால் கண் கியரின் மேல் இருந்தது.

“இப்ப நானு” என்றான்.

“கியர் வண்டிங்க இது.”

“நீ கத்துக்கொடுத்ததும் கியர் வண்டிதான், மேடம்.”

இருவரும் இறங்கி, வண்டியின் முன்புறமாகக் குறுக்கே நடந்து இடம் மாறினார்கள். அவள் பின் கதவைத் திறந்து, “நீங்க கொஞ்சம் இறங்கி நிக்கறீங்களா, மாமா? கால் மரத்திருக்கும்” என்று கேட்டாள்.

“இதுலேருந்து என்னை இறக்கறதுக்குக் கிரேன் வேணும்மா. டெர்மினஸ் வரட்டும், அங்க பாத்துக்கலாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கை இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கணவன் சீட்டை முன்னுக்கு இழுத்தான். கண்ணாடிகளைச் சரிசெய்தான். பெல்ட் போட்டான். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த வரிசையில், ஒன்றுகூட மாறாமல். அவளுக்குத் தன் கால்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கீழே வைத்தாள். வெறும் மிதியடிதான், ஆனாலும் பாதம் பழைய இடத்தைத் துழாவியது. செருப்பைக் கழற்றினாள். கால்களை மேலே தூக்கி மடித்துக்கொண்டாள்.

மேலே இரண்டு தட்டு விழுந்தது. ஆனால் இந்தத் தடவை மாமனார் வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. கிளட்ச்சை வேகமாக விட்டுவிட்டான். அதைச் சொல்ல வந்த வார்த்தையைப் பல்லுக்குப் பின்னாலேயே நிறுத்தினாள். இரண்டாவது கியர். மூன்றாவது. சுவர்கள் வேகமாகப் பின்னால் போக ஆரம்பித்தன. அவன் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. ஏதோ பாட்டை மூக்கால் முனகினான். அவன் ஓட்டும்போது பாடி அவள் கேட்டதேயில்லை.

தொலைவில், சுமையேற்றிய ஒரு லாரியின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. முனகல் நின்றது. இப்போது, என்று அவள் நினைத்தாள். இப்போதே மிதிக்க வேண்டும். லாரியின் பின்பக்கம் முன் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. மடித்த காலுக்கடியில் அவள் பாதம் துடித்து, விரல்கள் விரிந்து, கீழே இறங்கப் பார்த்தது. கூட்டத்தில் கைநழுவப் பார்க்கும் குழந்தையைப் பிடிப்பதுபோல, அதை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.