டிரம்ஸுக்கு ஆள் சேர்த்தது யார்?

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஒட்டுக் கேட்டுக் கிடைத்தது என்று சொல்வதுதான் சரி. 'சும்மா' என்று முதலில் எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

விஷயம் இதுதான். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் மாதம் ஒருமுறை லிஃப்ட் பராமரிக்க இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்ப்பார். மற்றவர் தரைக்கும் கீழே இருக்கிற குழிக்குள் இறங்குவார். மேலே நிற்பவரைக் கட்டிக்கொண்டிருப்பது கீழே இருப்பவரின் தங்கை. ஆகவே மேலே மாப்பிள்ளை, கீழே மச்சான். பதினெட்டு வருடமாக ஒரே ஜோடி. ஒருநாள் மேலேயிருந்து ஒரு கேள்வி போனது, கீழேயிருந்து ஒரு பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பி மாப்பிள்ளை லிஃப்டை நகர்த்தும் பொத்தானை அழுத்தினார். மச்சானின் முழங்கால் நசுங்கியது.

"நீதான் சொன்னே" என்கிறார் மாப்பிள்ளை. "நான் வாயே திறக்கல" என்கிறார் மச்சான். இருவரும் முகம் பார்த்துப் பேசி ஒன்பது மாதமாகிறது. நடுவில் அகப்பட்டுக்கொண்டு முழிக்கிறாள் அந்தத் தங்கை.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை நான்காவது பகுதிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்திருக்கிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"இருண்ட அந்தக் குழிக்குள் எண்ணெய் நாற்றம்..." [துப்பறியும் கதை வாடை அடிக்கிறது. வேண்டாம்.]

"லிஃப்ட் என்பது நவீன மனிதனின்..." [அவனை விட்டுவிடுங்கள், பாவம். எந்தக் கட்டுரைக்குப் போனாலும் அவனைத்தான் இழுக்கிறார்கள்.]

"ஒரு ராக் குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும்?" இது இருக்கட்டும். ஏனென்றால் அந்த இரண்டு பேரும் செய்துகொண்டிருந்தது அதுதான்.

கம்பெனி விதிப்படி ஆளுக்கொரு வாக்கிடாக்கி உண்டு. பெட்டியை நகர்த்தும் முன் மேலே இருப்பவர் "கிளியரா?" என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர் "கிளியர்" என்ற பிறகுதான் பொத்தானில் கை வைக்கலாம். இவர்கள் அந்தக் கருவியைப் பையிலிருந்து எடுத்ததே கிடையாது. அதற்குப் பதிலாக உலகத்திலேயே சிறந்த ராக் குழுவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருப்பவர், போய்ச் சேர்ந்தவர், எந்த நாடு, எந்தக் காலம் என்கிற பேதமெல்லாம் கிடையாது. மாப்பிள்ளை ஒரு பெயரைக் கூவி "சேக்கலாமா?" என்பார். மச்சான் தன் கை கால் எல்லாம் நகர்கிற எதிலிருந்தும் விலகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு "சேத்துக்கோ" என்பார். பெட்டி நகரும். அந்த ஆளைப் பிடிக்காவிட்டால் "தூக்கிப் போடு" என்பார். அப்போதும் பெட்டி நகரும், ஆள்தான் சேரமாட்டார். பதிலே வராவிட்டால் எதுவும் நகரக் கூடாது. இதுதான் அவர்களுடைய சட்டம், பதினெட்டு வருடம் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய சட்டம்.

பாட்டுக்கு அழுகுணி வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.* லீட் கிடாருக்குப் பல்வலிக்காரர். எந்தப் புகைப்படத்திலும் கன்னத்தில் கை வைத்திருப்பார். பேஸுக்குத் தூங்குமூஞ்சி. கீபோர்டு பிரச்சினை ஒரு மழைக்காலம் முழுக்க ஓடி, நின்றுகொண்டே வாசிக்கும் ஒரு அம்மாளில் வந்து முடிந்தது. டிரம்ஸ்தான் பாக்கி. மாப்பிள்ளைக்கு 'வாத்தியார்' வேண்டும். அவர் ஒரு தாளம் முன்னே பின்னே போனதில்லை. மச்சானுக்கு 'இடி' வேண்டும், ஒரு கச்சேரிக்கு ஏழெட்டுக் குச்சி உடைக்கிறவர். பதினோரு மாதம் இந்த ஒரே வழக்கு.

(* அவர்கள் கூவியதெல்லாம் ஊர் உலகம் அறிந்த பெயர்கள். புகழ் பெற்றவர்களை இந்தக் குழிக்குள் இழுக்க எனக்கு மனசு வரவில்லை. பட்டப்பெயர் வைத்துவிட்டேன். உங்களுக்குப் பிடித்தவர்களை நீங்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.)

3

அன்று காலை மாப்பிள்ளை நல்ல மனநிலையில் இருந்தார். கூரைமேல் குந்தி, கம்பிக் கயிறுகளைத் துணியால் துடைத்துக்கொண்டே கீழே குரல் கொடுத்தார்.

"மச்சான், குழியில எண்ணெய் எவ்ளோ தேங்கியிருக்கு?"

"உன் தலையில தேய்க்கற அளவு இருக்கு."

"இருக்கற நாலு முடிக்கு அது ஜாஸ்தி. உன் தங்கச்சி ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொன்னா."

"சமையல் யாரு?"

"நான்."

"அப்ப யோசிச்சுச் சொல்றேன்."

மாப்பிள்ளை சிரித்தார். பெட்டி அப்போது மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. அதை உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டி மேலே ஏறினால், அதைச் சமன் செய்கிற எதிர் எடை, இரும்புப் பாளங்களை அடுக்கிய பெரிய சட்டம், கீழே குழிக்கு இறங்கும்.

[முதல் மாடியில் குடியிருக்கும் ஒருவர் அந்த நேரம் தன் வீட்டு வாசலைத் தாண்டி வந்து, மூடிய லிஃப்ட் கதவின் இடுக்கில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தார். இந்த ஆள் எதற்கு? கதைக்கு இவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுத்த திருத்தத்தில் எடுத்துவிடலாம்.]

"மச்சான், கடைசியாக் கேக்கறேன். டிரம்ஸுக்கு வாத்தியார். சேக்கலாமா?"

பதில் இல்லை. மாப்பிள்ளை காத்திருந்தார். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டே காத்திருந்தார், அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. பிறகு கீழேயிருந்து, லிஃப்ட் ஓடும் அந்த நீண்ட சுவர்க்கூண்டுக்குள் எதிரொலித்துக்கொண்டு வந்தது:

"சேத்துக்கோ!"

மாப்பிள்ளைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பதினோரு மாதம் பிடிவாதம் பிடித்த மனுஷன் தனக்காக இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தார். "என் தங்க மச்சான்!" என்று கத்திக்கொண்டே மேலே போகும் பொத்தானை அழுத்தினார்.

பெட்டி ஏறியது. எதிர் எடை இறங்கியது. கீழேயிருந்து வந்த அலறல் கேட்டு அவர் கையை எடுத்தபோது

4

[அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விட்டுவிட்டேன்.]

முதல் மாடிக்காரரை எடுத்துப் பார்த்தேன். அடைப்புக்குறியோடு சேர்த்து மொத்தமாக அடித்துவிட்டு, கதையை மறுபடி ஓட்டினேன். மாப்பிள்ளை கேட்கிறார். பதில் இல்லை. காத்திருக்கிறார். இன்னும் காத்திருக்கிறார். "என்ன மச்சான், வாயில கொழுக்கட்டையா?" என்கிறார். கீழே மச்சான் வாயில் கவ்வியிருந்த டார்ச்சைக் கையில் எடுக்கிறார், எதிர் எடை இறங்கும் இடத்தில் ஊன்றியிருந்த காலை இழுத்துக்கொள்கிறார், நிதானமாகப் பதில் சொல்கிறார். வேலை முடிகிறது. இருவரும் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சமையலை மச்சான் கிண்டல் செய்கிறார், தங்கை சிரிக்கிறாள்.

கதை இல்லை. ஆனால் கால் இருக்கிறது.

அந்த ஆளை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. நீக்க முடியாது. ஏனென்றால் முதல் மாடிக்காரர் நான்தான். "சேத்துக்கோ" என்றது நான்தான்.

வீட்டில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்த இரண்டு பேர் வருகிற நாளுக்காக மாதம் முழுக்கக் காத்திருப்பேன். கதவுக்குப் பின்னால் நின்று பல்வலிக்காரருக்காகச் சண்டை போட்டிருக்கிறேன், மனசுக்குள். தூங்குமூஞ்சி வந்தபோது கைதட்ட இருந்தேன். வாத்தியார்மேல் எனக்கு உயிர். அன்று அவர் பெயர் வந்து, பதில் வராமல் நின்றபோது, மச்சான் எங்கே மறுபடி தூக்கிப் போட்டுவிடுவாரோ என்று பதறிப் போனேன். வாய் சும்மா இருக்கவில்லை. இடுக்கில் வாயை வைத்துச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நானும் ஒரு ஆளைச் சேர்த்துவிட்டேன்.

[மச்சான் குழியிலிருக்கும் நிறுத்துச் சுவிட்சைத் தட்டியிருந்தால், மாப்பிள்ளை வாக்கிடாக்கியை எடுத்திருந்தால்... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.]

மூன்று நாள் கழித்து விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு என் கதவையும் தட்டினார்.

"சார், அன்னிக்கு ஏதாவது பேச்சுக்குரல் கேட்டீங்களா?"

"இல்லம்மா. நான் தூங்கிட்டேன்."

பகல் பதினொன்றரை மணிக்கு. சொல்லும்போதும் கையில் சிவப்புப் பேனா இருந்தது.

5

மாப்பிள்ளை இப்போதும் வருகிறார். கூட வேறொரு ஆள். வாக்கிடாக்கியில் "கிளியரா", "கிளியர்" என்று இரண்டே வார்த்தை. போன மாதம் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தெரியாத ஆளிடம்தானே மனுஷனுக்கு மனசு திறக்கும்.

"வீட்ல அவ எங்கூடயும் பேசறதில்ல, அவ அண்ணன்கூடயும் பேசறதில்ல சார். 'ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க, அப்புறமா பேசறேன்'னுட்டா. நான் என்ன பண்ணுவேன்? எங் காதால கேட்டேன் சார்."

"மச்சான் இப்ப எங்க இருக்கார்?"

"கம்பெனி ஸ்டோர்ல. போல்ட்டு எடுத்துக் குடுத்துக்கிட்டு."

போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உயரமான ஸ்டூல், பக்கத்தில் சாய்த்து வைத்த ஊன்றுகோல். லிஃப்ட் கதவுக்கு ரோலர் வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எந்தக் கட்டடம் சார்?"

சொன்னேன். டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அங்க இப்ப யாரு வர்றா?"

"உங்க மாப்பிள்ளைதான்."

"குழுவுக்கு ஆள் சேக்கறானா?"

"இல்ல. கிளியர்னு மட்டும்தான்."

அவர் டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அவன் பொய் சொல்ற ஆளே இல்ல சார். அதான் தாங்க முடியல. காலு போனாப் போய்ட்டுப் போகுது. எம்மூஞ்சியப் பாத்து, நீ சொன்னேங்கறான். என் வாயில டார்ச் இருந்துச்சு சார். எப்படிச் சொல்லுவேன்? ஏதோ குரல் கேட்டுச்சு, அவன் குரல்தான் எதிரொலிக்குதுன்னு இருந்துட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஒண்ணு தெரியுமா? அன்னிக்கு சரின்னுதான் சொல்ல இருந்தேன். தொலையட்டும், வாத்தியாரையே சேத்துக்கட்டும்னு. எவ்ளோ நாளு கேப்பான், பாவம். டார்ச்ச எடுத்துட்டு, காலத் தள்ளி வெச்சுட்டு, அப்புறமா சொல்லியிருப்பேன்."

[இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது:                              ]

நான் சொன்னது: "ரோலர் அளவு கேட்டுக்கிட்டு அப்புறமா வரேன்."

6

முடிவுக்கு வர வேண்டும்.

தங்கை நடுவில் நின்று அழுது, இருவரும் மனம் இளகி, ஒருவரையொருவர் மன்னித்துவிடுவதாக எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? கிழித்துவிட்டேன்.

நான் கதவைத் திறந்து "நான்தான்யா சொன்னேன்" என்று கத்த, மாப்பிள்ளை படியிறங்கி வந்து என் கன்னத்தில் அறைவதாக இன்னொன்று. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே சந்தேகமாகவும் இருந்தது. ஒரு அறையோடு போயிற்று என்று நிம்மதியாக வந்து படுத்துக்கொள்ளலாம் என்கிற நப்பாசை அதில் இருக்கிறது.

வேறு எந்த முடிவை எழுதினாலும் என் கை அதில் என்னையே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நான் இனிமேல் அவர்களுக்காகப் பதில் சொல்லக் கூடாது. ஒருதடவை சொன்னது போதும்.

7

நாளை பராமரிப்பு நாள்.

இந்தக் கதையை இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று மேல்மாடி இயந்திர அறையில் தொங்கும் பதிவேட்டுக்குள். வேலை முடிந்ததும் மாப்பிள்ளை அதில்தான் கையெழுத்துப் போடுவார். இன்னொன்றை ஸ்டோர் ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. மச்சான் உறையைத் திருப்பிப் பார்த்து, "ரோலர் அளவா சார்?" என்றார். "படிச்சிட்டுத் தங்கச்சிகிட்டக் குடுங்க" என்றேன். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அவர்கள் பிரதிகளில் பட்டப்பெயர்கள் இல்லை, இசைக்கலைஞர்களின் நிஜப் பெயர்களே இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் என் பெயரும் கதவு எண்ணும் இருக்கின்றன. உங்கள் பிரதியில் அவை இல்லை, உங்களுக்கு அவை தேவையும் இல்லை. மூன்றாவது பகுதியில் நான் முடிக்காமல் விட்ட வாக்கியத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அதை முடிக்க வேண்டியவர்கள் அவர்கள். கதவைத் தட்டுவார்களோ, அந்தப் பெண் அதிகாரியோடு வருவார்களோ, ஒரு வார்த்தை பேசாமல் போவார்களோ, எதுவானாலும் கதவைத் திறப்பேன்.

மச்சானால் இனிக் குழிக்குள் இறங்க முடியாது. ஆனால் தரைத்தளத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லலாம், மாப்பிள்ளை மேலேயிருந்து கேட்டால்.

கேட்பாரா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கட்டடத்தில், மூடிய லிஃப்ட் கதவுக்குப் பின்னால் என்றைக்காவது இரண்டு குரல்கள் ஒரு டிரம்ஸ்காரருக்காக அடித்துக்கொண்டால், இந்தக் கதை எப்படி முடிந்தது என்று எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டால், அது யாரையோ "சேக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், அந்தக் கலைஞர்மேல் உங்களுக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் சரி, தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அவர் காத்திருக்கட்டும்.