வால் சுருட்டிய ஏழு

போர்டு எழுதுகிறவருக்கு எந்த எழுத்தைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். பஸ் டிக்கெட்டில் எண் சரிந்திருந்தால்கூட அன்றைக்கெல்லாம் மனசு சரியாக இருக்காது. அப்படிப்பட்ட மனிதர் கையிலா அந்த நாணயம் சிக்க வேண்டும்? ஒரு கடையின் பழைய பலகையைச் சுரண்டும்போது சட்டத்தின் இடுக்கிலிருந்து விழுந்தது. வருஷத்தின் முதல் மூன்று எண்களும் ஒழுங்காக நிற்க, கடைசி ஏழு மட்டும் பின்னால் சாய்ந்து, காலடியில் ஒரு வாலைச் சுருட்டி வைத்திருந்தது.

"இது தப்பா அடிச்ச காசு," என்றார் மனைவியிடம். "இப்படி ஒரு எண்ணை நான் எழுதியிருந்தா கடைக்காரன் அழிச்சிட்டுத் திரும்ப எழுதச் சொல்லியிருப்பான். தப்பா வந்த காசுக்கு என்ன மதிப்பு தெரியுமா? பேப்பர்லயே போட்டிருந்தான்."

இருபத்தெட்டு வருஷத் தொழில் பேசும்போது யார் குறுக்கே பேசுவது? மனைவிக்கு மதிப்பெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ இனிமே ஏணி ஏற வேண்டாம், இல்ல?"

போன வருஷம் இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தவர் அவர். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். கை மூன்று மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தது. அன்றிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்பினாலே அவள் வாசலில் நின்று தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் போன் அடித்தால் எடுக்கக் கை வராது. கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். "ஏணி இல்லாம என்ன போர்டு?" என்று ஒரே பேச்சில் வாயை அடைத்துவிடுவார்.

இப்போதோ மனிதர் தாராளமாகத் தலையாட்டினார். "வேண்டாம். ஒத்துக்கிட்ட மருந்துக்கடைச் சுவரை வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிடறேன். மூணு மாடி. யாருக்கு வேணும்?"

நாணய வியாபாரி வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமைதான் கடை திறப்பார். அதுவரை இவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

சனிக்கிழமை காலை வியாபாரி லென்ஸை வைத்து அந்த ஏழு எண்ணைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அந்த மட்டில் நல்ல மனுஷன். ஒரு தட்டை இழுத்து முன்னால் வைத்தார். முப்பது நாற்பது காசுகள், எல்லாவற்றிலும் அதே வால்.

"அந்த வருஷம் அச்சு வெட்டினவர் கை அப்படி சார். அவர் பாணியே அதுதான். தப்புன்னு நெனச்சு மாசம் நாலு பேராவது எடுத்துட்டு வர்றாங்க."

இவர் தட்டிலிருந்து ஒரு காசை எடுத்து அந்த வாலை விரலால் தடவினார். "நல்லாத்தான் வளைச்சிருக்கான், பாவி," என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார்.

காசு போனது போகட்டும். நாலு நாளாக அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டு வேலை செய்தாளே, அவள் முகத்தில் எப்படி முழிப்பது? திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரரிடம் பல்லைக் காட்ட வேண்டும். மறுபடியும் ஏற வேண்டும்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கொல்லையில் ஏணியைக் காணோம். உள்ளே சமையலறைச் சுவரில் புது அலமாரி. அதன் இரண்டு பக்கக் கட்டைகளிலும் அவர் சிந்திய நீலமும் சிவப்பும் அப்படியே இருந்தன. மனைவியின் அண்ணன் தச்சர். காலையில் வந்து ஏணியை அறுத்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இவர் பையைக் கீழே வைத்தார். "அவசரப்பட்டுட்டியே. அது சாதாரணக் காசாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பட்டன் போட்டு வைக்கும் டப்பாவை எடுத்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்தாள். பட்டன்களோடு மூன்று காசுகள் விழுந்தன. மூன்றிலும் ஏழு வால் சுருட்டியிருந்தது.

"புதன்கிழமையே தெரியும்," என்றாள். "உங்க சட்டைக்குப் பட்டன் தேடறப்போ கிடைச்சுது. கடைக்குப் போய்ட்டு வந்தா மறுபடி ஏறிடுவீங்க. அதான் நீங்க அந்தப் பக்கம் போனதும் அண்ணனை வரச் சொன்னேன்."

கோபம் வரும் என்றுதான் அவரும் காத்திருந்தார். வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அந்தச் சுவரை ஒத்துக்கிட்டப்பவே கால் நடுங்குச்சு," என்றார். "விழுந்ததுலேருந்தே பயம்தான். உன்கிட்ட எப்படிச் சொல்றது? இனிமே பலகையைக் கழட்டி எடுத்துட்டு வரச் சொல்லி, இங்கேயே வெச்சு எழுதறேன்."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அலமாரியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?" என்றாள். "ஏணியை முழுசா வித்திருப்பேனே."