நடுவீட்டு நாணல்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிறந்ததும், மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் நிரஞ்சனியின் வீட்டுக் கூடத்துக்கு நாணல் கதிர்க்குருவிகள் வந்து, ஒன்றுமில்லாத காற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். ஏப்ரல் வரை இருக்கும். அந்த வரிசை வீடுகள் எழும்புவதற்கு முன் அங்கே நாணல் மண்டிய சதுப்பு இருந்தது. லோரி லோரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். மற்ற வீடுகளில் குருவிகள் நிலைமையைப் புரிந்துகொண்டு ஒதுங்கிவிட்டன. நிரஞ்சனி வீட்டில் மட்டும் புரிந்துகொள்ள மறுத்துவிட்டன. சன்னலுக்கு மேலுள்ள துவாரம் வழியாக நுழைந்து, ஆள் நெஞ்சு உயரத்தில், முன்பு நாணல் நின்ற இடங்களில் பக்கவாட்டாகத் தொற்றிக்கொண்டு கரகரத்த குரலில் பாடும். தொற்றிய இடம் லேசாக ஆடும். அங்கே கையை விட்டால் விரல் ஈரமாகும்.

நிரஞ்சனி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், ஒழுங்கு தவறாதவள். முதல் வருடம் பூச்சி மருந்து அடிப்பவனைக் கூப்பிட்டாள். "ஆன்டி, இதுங்க ஃபாரின்லேர்ந்து வருதுங்க, நான் கை வைக்க முடியாதுலா" என்று அவன் டீயைக் குடித்துவிட்டுப் போனான். அதன்பின் சோபாவைச் சுவரோரம் தள்ளி, கூடத்தைச் சுற்றியே நடக்கப் பழகிக்கொண்டாள். பாட்டும் பிடித்துப்போனது, அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் மகன் கிருஷாந்துக்கு முதலில் பேசிய சம்பந்தம் இந்தக் குருவிகளால்தான் போனது. பெண் வீட்டார் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேய் வீடு என்று காரில் ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவே நாளானது. இப்போது சாலாக் செலாத்தான் ஊர் விஷ்ணுப்ரியா, அவனே விரும்பிய பெண். இதுவும் போனால் பிள்ளை தாங்கமாட்டான் என்று நிரஞ்சனிக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பெண் பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் பங்சாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில். பெண் வீட்டாரும் அதற்கு உடனே சம்மதித்ததை அவள் பெருந்தன்மை என்று நினைத்தாள்.

பொன்னுருக்கை மட்டும் கடையில் வைக்க முடியாது. தாலிக்கான பொன் மாப்பிள்ளை வீட்டில்தான் உருக வேண்டும் என்று அவளுடைய அண்ணன் சண்முகரத்தினம் ஒற்றைக்காலில் நின்றார். பிரிக்பீல்ட்ஸ் கோயில் ஐயரிடம், குருவிகள் வருவதற்கு முன் ஆவணியில் நாள் கேட்டாள். ஐப்பசிதான் என்று கையை விரித்துவிட்டார். முந்திய நாள் துண்டை வீசிக் குருவிகளை வெளியே விரட்டி, துவாரங்களை எல்லாம் துணியால் அடைத்தாள். மறுநாள் காலை அவை விருந்தாளிகளோடு சேர்ந்து வாசல் வழியாகவே வந்தன.

ஆசாரி கரியை ஊதிப் பொற்காசை உருக்கிக்கொண்டிருந்தார். சரியாக மங்கலத் தட்டுக்கு மேலே ஒரு குருவி வந்து காற்றில் தொற்றியது. நிரஞ்சனி துண்டைத் தேடினாள். விஷ்ணுப்ரியாவை வளர்த்த பெரியப்பா ராதாகிருஷ்ணன் மெல்ல எழுந்தார். குருவிக்குக் கீழே கையை விட்டு, நனைந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மனைவி தனலெட்சுமியைப் பார்த்தார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா," என்றார் ராதாகிருஷ்ணன், "எங்க வீட்டு அடுப்படியில, அந்தக் காலத்துல ஈயம் தோண்டின குட்டை இருக்கு. மூடி வீடு கட்டி எத்தனையோ வருஷமாச்சு, தண்ணி போகவே இல்ல. கண்ணுக்குத் தெரியாது, ஆனா முழங்கால் வரைக்கும் நனையும். உங்களுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் போயிடுமேன்னு எங்க பொண்ணுகிட்டயும் சத்தியம் வாங்கிட்டோம்."

நிரஞ்சனி அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். சடங்குக்குக் கன்னிக்காலாக நட வேண்டிய முள்முருக்கங் கிளையை வாளி மண்ணில் ஊன்றி, குருவிகளுக்கு இடைஞ்சல் இல்லாத மூலையாகப் பார்த்து ராதாகிருஷ்ணனே வைத்தார். ஒரு குருவி அதில் உட்கார்ந்து பார்த்து, பிடிக்காமல் மறுபடி காற்றுக்கே போனது.

கல்யாணம் முடிந்து விஷ்ணுப்ரியா வலது காலை வைத்து உள்ளே வந்தாள். கூடத்தின் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். கூறைப்புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளாலும் காற்றை விலக்கி, நடுவிலேயே நடந்தாள். குருவிகள் சற்றே நகர்ந்து உட்கார்ந்து பாட்டைத் தொடர்ந்தன. அவள் விலக்கிய வழியில், சோபாவைத் தள்ளிய நாளிலிருந்து முதன்முறையாக, நிரஞ்சனியும் கூடத்தை நேராகக் கடந்து போய் அடுப்பில் பாலை வைத்தாள்.