கூடத்தில் ஒரு தூண்

மார்ச் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, ஆற்றங்கரைச் சாலையில் புதிய கலை மையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் அண்ணன். தம்பிக்கு அழைப்பு இல்லை. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி உள்ளே போனார். ஐம்பத்தெட்டு வயதாகியும் சொந்தபந்தத்துக்கு அவர் வெறும் தம்பிதான்.

இருவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தவர்கள். அண்ணன் வரைவார்; அது நிற்குமா என்று தம்பி கணக்குப் போடுவார். இந்த மையத்தின் நடுக்கூடத்தில்தான் வினை வந்தது. அவ்வளவு அகலமான கூரைக்கு ஒரு தூணாவது வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தார். தூண் வந்தால் கூடம் செத்துவிடும் என்றார் அண்ணன். வாய் தடித்தது. தம்பி மேசையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அதன்பின் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதே இல்லை. இன்று ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

கூடத்தில் கால் வைத்ததும் வந்த காரியம் மறந்துபோயிற்று. கூரை, மடித்த காகிதம்போல் மிதந்தது. அதன் நீண்ட பிளவு வழியே வெயில் இறங்கி, பலகை வரி பதிந்த சிமெண்ட் சுவரில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நடுவே ஒல்லியாக ஒரு வெள்ளைத் தூண். தம்பி அதில் உள்ளங்கையை வைத்தார். நம் பேச்சைக் கேட்டிருக்கிறாரே என்று நினைத்தார்.

அப்போது அண்ணன் ஒரு கூட்டத்தோடு உள்ளே வந்தார். தம்பி சுவரோரம் ஒதுங்கினார். ஒரு பெண் நிருபர், அந்தத் தூண் உறுத்தவில்லையா என்று கேட்டார்.

"அது இல்லாமலே கூரை நிக்கும்மா. வேற ஆளை வச்சுக் கணக்குப் பாத்தாச்சு. என் தம்பி ஒரு பயந்தாங்கொள்ளி. இங்க வந்தா அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பான். அவனுக்காக வச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். அது குத்தலா பாசமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கூட்டத்தோடு வந்த அண்ணிதான் முதலில் அவரைப் பார்த்தார். நேரே போய்ப் பேசச் சொன்னார்.

"கூட்டமா இருக்கு அண்ணி. நான் வந்திருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணி போய்க் காதில் சொன்னார். அண்ணன் திரும்பவில்லை, ஏதோ முணுமுணுத்துவிட்டு, கூட்டத்தை அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்.

"சாயங்காலம் போன் பண்றாராம் தம்பி," என்றார் அண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி மறுபடியும் கலை மையத்துக்குப் போனார். அன்று அண்ணன் வரவில்லை. தம்பி தூணில் கை வைத்தபடி கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.