மாமனார் கேரட் தின்ற கதை

தட்டும் சத்தம் காதில் விழுந்தால் போதும், பூட்டுக்காரரின் கை தானாகத் திறக்கப் போய்விடும். தொழில் அப்படி. ஒருமுறை பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்க, இவர் தூக்கத்திலேயே நடந்துபோய் அந்த வீட்டு அலமாரி, பெட்டி, மருந்து டப்பா வரை திறந்துவைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார் என்று தெருவில் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம் ஆமையை ஒப்படைத்துவிட்டு, தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பினாள் மனைவி. அந்த ஆமை அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து கண்ணாடித் தொட்டியோடு வந்து சேர்ந்தது. இவரை மேலும் கீழும் பார்ப்பதில் அதற்கு ஒரு தோரணை உண்டு. அதனால் இவர் அதை 'மாமனார்' என்றுதான் கூப்பிடுவார். அசல் மாமனாருக்கு இது தெரியாது.

போகும்போது மனைவி தெளிவாகத்தான் சொன்னாள். கரும்பச்சை இலை, துருவிய கேரட், கொஞ்சம் தீனி உருண்டை. டப்பாவில் இருக்கும் காய்ந்த இறால் எப்போதாவது ஒன்று, ஆசைக்கு மட்டும்.

"அது எங்கூடவே வளந்ததுங்க. அதுக்கு ஒண்ணுன்னா நான் தாங்கமாட்டேன்."

மறுநாள் காலையில் மாமனார் இலையை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஓட்டால் கண்ணாடியைத் தட்டினார். டொக். பூட்டுக்காரரின் கை இறால் டப்பாவைத் திறந்தது.

அன்றிலிருந்து மாமனாருக்குத் தட்டுவதே வேலையாகிவிட்டது. அவர் தட்டுவார், இறால் போகும். நாளடைவில் உடம்பு ஊதிப்போய், தலையை ஓட்டுக்குள் இழுத்தால் பின்னங்கால்கள் வெளியே வந்தன; கால்களை இழுத்தால் தலை எட்டிப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் உள்ளே இடமில்லை. வால் தன் முறைக்காக வெளியே காத்திருந்தது.

பூட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், மாமனாரின் கண்கள் வீங்கும்வரை. ஒரு காலையில் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. தட்டுகிற சத்தமும் இல்லை. இறாலை மூக்குக்கு நேராக நீட்டியும் அசைவில்லை. பூட்டுக்காரர் வாளியில் ஈரத்துணி விரித்து, மாமனாரை அதில் உட்காரவைத்து, கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

மருத்துவரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். இவர் ஒளிக்காமல் சொன்னார். வெறும் இறாலில் வைட்டமின் ஏ கிடைக்காது, கண் வீக்கம் அதனால்தான் என்றார் அவர். "ஆனா இது நேத்து இன்னைக்கு வந்த குறை மாதிரி தெரியலையே." பழியை முழுசாகத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்த பூட்டுக்காரருக்கு அது காதில் ஏறவில்லை.

"கண்ணு திறக்குமா டாக்டர்?"

"மருந்து போட்டிருக்கேன். மிச்சம் உங்க கையிலதான் இருக்கு."

அந்தக் கைதானே பிரச்சினை. காலை வெயில் காட்டுங்கள், சுண்ணாம்புச் சத்துக்குத் தொட்டியில் கணவாய் ஓடு போடுங்கள், இறால் ஊறிய தண்ணீரில் கேரட்டைப் புரட்டிக் கொடுங்கள் என்று சொல்லியனுப்பினார் மருத்துவரம்மா.

வீட்டுக்கு வந்ததும் பூட்டுக்காரர் டப்பாவுக்கு ஒரு பூட்டுச் செய்தார். தானே திறக்க முடியாத பூட்டு. செய்து முடித்து, சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டு, கம்பி விட்டுப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியதே தவிரத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தோல்வி. நிம்மதியாக இருந்தது.

ஊறவைக்க வெளியே எடுத்து வைத்திருந்த கொஞ்சம் இறால்தான் இனி. முதலில் மாமனார் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. இறால் வாசனை பிடித்துக் கேரட்டைக் கவ்வினார், ஏமாந்தார், விழுங்கினார். போகப்போக வாசனையில்லாத கேரட்டும் போனது, இலையும் போனது. நடுவில் தட்டிப் பார்த்தார். பூட்டுக்காரர் தன் கைகள்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் ஒரு காலையில் வலது கண் திறந்தது, அடுத்து இடது. மாமனார் இவரை மேலும் கீழும் பார்த்தார். அந்த அலட்சியத்தைப் பார்த்ததும்தான் பூட்டுக்காரருக்குப் போன உயிர் வந்தது.

மனைவி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, இவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விழப்போகிற திட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒன்றும் விழவில்லை. அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேரட்டா திங்குது?"

"ஏன், திங்காதா?"

"எங்கிட்ட ஒருநாள்கூட தின்னதில்லீங்க."

"அப்ப நீ என்னத்தக் குடுத்த?"

அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, டப்பாவின் பூட்டில் விட்டு ஒரு திருகு. திறந்துகொண்டது. பூட்டுக்காரர் பூட்டைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். அவள் ஒரே ஒரு இறாலைப் போட்டாள். மாமனார் கேரட்டை முடித்துவிட்டு நிதானமாக அதற்கு வந்தார். பிறகு தலை, கால், வால் எல்லாம் ஒன்றாக உள்ளே போயின.

சற்று நேரத்தில் டொக் என்றது.

அவர் கையும் அவள் கையும் டப்பாவை நோக்கி நீண்டன. பாதி வழியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.